ஈசா நபியும் இயேசுவும் ஒருவர்தான் என்றால், பதில் ஏன் மூன்று?

கேள்வி: திருமங்கலம் அருகே ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்குச் சமூக அறிவியல் நடத்துகிறேன். சமயங்களைப் பற்றிய பாடத்தின்போது ஒரு மாணவன், "ஈசா நபி எங்களுக்கும் நபிதான் மிஸ்" என்றான். "இயேசு நபி இல்லை, தேவகுமாரன்" என்றாள் முன் பெஞ்சிலிருந்த மாணவி. "இயேசுவே யூதர்தானே, அப்புறம் யூதர்கள் ஏன் அவரை ஏற்கவில்லை?" என்று இன்னொருவன் கேட்டான். நான் "எல்லா மதமும் ஒன்றுதான்" என்று சொல்லிப் பாடத்தை முடித்துவிட்டேன். பிள்ளைகள் முகத்தில் திருப்தி இல்லை. இதை எப்படி விளக்குவது? யாரும் புண்படாமல் எப்படி நடத்துவது? வகுப்பில் யூதப் பிள்ளை யாரும் இல்லாதபோது அவர்கள் தரப்பை யார் சொல்வது?
- ஓர் ஆசிரியை, மதுரை மாவட்டம்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

உங்கள் மாணவர்கள் இருவரும் அவரவர் சமயம் சொல்வதைப் பிசகாமல் சொல்லியிருக்கிறார்கள். மூன்றாமவன் கேட்டது நல்ல கேள்வி. "இயேசு யார்?" என்ற கேள்விக்குள் போவதற்கு முன்பே வேறு மூன்று கேள்விகள் நிற்கின்றன. இறைத்தூதர் (முஸ்லிம்கள் சொல்லில் நபி, பைபிள் சொல்லில் தீர்க்கதரிசி) என்பவரின் வேலை என்ன? வந்தவர் உண்மையானவர்தானா என்று எதை வைத்துச் சோதிப்பது? அந்த வரிசை யாரோடு முடிகிறது? யூதம், கிறிஸ்தவம், இஸ்லாம் மூன்றும் இவற்றுக்குத் தனித்தனி விடை வைத்திருக்கின்றன. அந்த விடைகள் வேறுபடுவதால்தான் ஆட்களின் பட்டியலும் வேறுபடுகிறது.

அடுத்த முறை இயேசுவிலிருந்து தொடங்காதீர்கள். அங்கே தொடங்கினால் முதல் நிமிடத்திலேயே பிள்ளைகள் தம் வீட்டுக்காக வாதாட ஆரம்பித்துவிடுவார்கள். தாவீதிலிருந்து தொடங்குங்கள், அவரைப் பற்றி யாருக்கும் கோபம் வராது. யூதர்களுக்கும் கிறிஸ்தவர்களுக்கும் அவர் முதன்மையாக அரசர், சங்கீதங்களைப் பாடியவர். இஸ்லாத்தில் அவர் தாவூத் நபி. ஸபூர் வேதம் அருளப்பட்டவர். பைபிளில் தாவீது உரியாவின் மனைவியை அபகரித்த பாவமும், நாத்தான் தீர்க்கதரிசி அவரை நேருக்கு நேர் கண்டித்ததும் மறைக்காமல் எழுதப்பட்டிருக்கின்றன. முஸ்லிம் அறிஞர்கள் அந்தச் செய்தியை ஏற்பதில்லை. நபிமார்களைப் பெரும் பாவங்களிலிருந்து அல்லாஹ் காக்கிறான், மக்கள் பின்பற்ற வேண்டிய முன்மாதிரி அவர்கள் என்பது அவர்கள் கொள்கை. யூத மரபிலோ தீர்க்கதரிசியின் தலையாய வேலை, இறைவன் சொன்னதை அரசனானாலும் முகத்துக்கு நேரே சொல்வது. மோசேயும் பிழை செய்தார், தண்டனை பெற்றார் என்று எழுதுவதில் அந்த மரபுக்குத் தயக்கம் இல்லை. பதவியின் பெயர் ஒன்றாக இருந்தாலும் அதிலிருந்து எதிர்பார்ப்பது வேறு என்பது தாவீது ஒருவரை வைத்தே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும்.

அடுத்து தானியேலைச் சொல்லலாம். கிறிஸ்தவர்கள் அவரை நான்கு பெரிய தீர்க்கதரிசிகளில் ஒருவராக வைக்கிறார்கள். அதே தானியேல் நூலை யூதர்கள் தம் வேதத்தின் தீர்க்கதரிசிகள் பகுதியில் சேர்க்கவில்லை. 'எழுத்துகள்' என்ற மூன்றாம் பகுதியில் வைத்திருக்கிறார்கள். குர்ஆனில் அவர் பெயர் வரவில்லை. யூதர்களின் சட்ட விளக்கத் தொகுப்பான தல்மூத் 48 ஆண்களையும் 7 பெண்களையும் தீர்க்கதரிசிகளாகக் கணக்கிடுகிறது; அந்த ஏழு பேரில் சாராளும் எஸ்தரும் உண்டு. குர்ஆனில் பெயர் சொல்லப்படும் நபிமார்கள் 25 பேர், ஆதாம் தொடங்கி. பெயர் சொல்லப்படாதவர்களும் இருக்கிறார்கள் என்று குர்ஆனே (40:78) கூறுகிறது.

இனி மேசியா, அதாவது இறைவன் அனுப்புவார் என்று எதிர்பார்க்கப்படும் மீட்பர். இங்கேதான் நிதானம் வேண்டும், ஏனென்றால் உங்கள் மூன்றாவது மாணவனின் கேள்வி இதில்தான் இருக்கிறது.

யூத எதிர்பார்ப்பைத் தெளிவாக எழுதி வைத்தவர் 12ஆம் நூற்றாண்டு அறிஞர் மைமோனிடீஸ். தாவீதின் வம்சத்தில் ஓர் அரசர் எழும்புவார். திருச்சட்டத்தைக் கற்று அதன்படி மக்களை நடத்துவார். எருசலேம் ஆலயத்தை அதன் இடத்தில் மீண்டும் கட்டுவார். சிதறிய இஸ்ரவேலரைத் திரும்பச் சேர்ப்பார். இவற்றை முடித்தால் அவர் மேசியா. அற்புதம் செய்து காட்ட வேண்டும் என்ற நிபந்தனை இல்லை. முடிக்காமல் கொல்லப்பட்டால் அவர் எதிர்பார்க்கப்பட்டவர் இல்லை என்று பொருள். இந்த அளவுகோலை இயேசுவுக்காக மட்டும் தனியாகச் செய்து வைத்திருக்கிறார்கள் என்று நினைக்க வேண்டாம். கி.பி. 132இல் ரோமாபுரிக்கு எதிராக எழுந்த பார் கோக்பாவை, அக்காலத்தின் மிகப் பெரிய யூத மத ஆசிரியரான ரபி அக்கிபாவே மேசியா என்று நம்பினார். 135இல் பார் கோக்பா கொல்லப்பட்டதும் அந்த நம்பிக்கை முடிந்தது. இயேசு சிலுவையில் இறந்தார், கி.பி. 70இல் ரோமர்கள் ஆலயத்தை இடித்தார்கள். அது திரும்பக் கட்டப்படவில்லை. யூதர்களின் கணக்கில் வேலை முடியவில்லை.

கிறிஸ்தவர்களுக்கு அந்தச் சிலுவை மரணமே மேசியா செய்ய வந்த வேலை. மக்களின் பாவத்துக்காகப் பாடுபடும் ஊழியரைப் பற்றி ஏசாயா 53ஆம் அதிகாரம் பேசுகிறது. அது இயேசுவைக் குறிக்கிறது என்று அவர்கள் வாசிக்கிறார்கள். 11ஆம் நூற்றாண்டு யூத உரையாசிரியர் ராஷியோ, அந்த ஊழியர் துன்புறும் இஸ்ரவேல் மக்களே என்று உரை எழுதினார். உலக சமாதானம் போன்ற நிறைவேறாத வாக்குகள் இரண்டாம் வருகைக்காகக் காத்திருக்கின்றன என்பது கிறிஸ்தவர் நம்பிக்கை. இயேசு இறைமகன் என்றும் அவர்கள் நம்புவதால் "நபி" என்ற சொல் போதாமல் போகிறது. உங்கள் மாணவி மறுத்தது அதனால்தான். நபியை அவள் தாழ்த்திப் பேசவில்லை.

இஸ்லாத்தின் விடை பலருக்குத் தெரியாதது. குர்ஆன் ஈசா நபியை 'மஸீஹ்', அதாவது மேசியா, என்றே 11 இடங்களில் அழைக்கிறது. அவர் தாய் மர்யம் கன்னியாகவே கருவுற்றதையும் அது சொல்கிறது. குர்ஆனில் பெயர் சொல்லப்படும் ஒரே பெண் அவர்தான், 19ஆம் அத்தியாயம் அவர் பெயரிலேயே இருக்கிறது. ஈசா நபி உலக முடிவுக்கு முன் திரும்பி வருவார் என்றும் முஸ்லிம்கள் நம்புகிறார்கள். ஆனால் அவர் இறைமகன் அல்லர், இறைவனின் அடியார், தூதர். அவர் சிலுவையில் கொல்லப்படவில்லை என்று 4:157 வசனம் சொல்கிறது. ஆக, சிலுவை மரணம் என்ற ஒரே செய்தி யூதருக்குத் தகுதியின்மை, கிறிஸ்தவருக்குத் தகுதி, முஸ்லிமுக்கு நடக்காத ஒன்று. கரும்பலகையில் இதை மட்டும் தெளிவாக எழுதிக் காட்டினாலும் பாதிப் பாடம் முடிந்த மாதிரி.

சோதனை எப்படி மாறுகிறது என்பதற்கு ஒரே ஒரு வசனத்தை எடுத்துக்கொள்ளுங்கள்: உபாகமம் 18:15. என்னைப் போன்ற ஒரு தீர்க்கதரிசியை உங்கள் சகோதரரிலிருந்து இறைவன் எழுப்புவார் என்று மோசே சொல்லும் இடம். யூதர்கள் இதை யோசுவா தொடங்கி வந்த தீர்க்கதரிசிகளின் வரிசைக்குப் பொருத்துகிறார்கள். அப்போஸ்தலர் நடபடிகள் 3:22இல் பேதுரு இதை இயேசுவுக்குப் பொருத்துகிறார். முஸ்லிம் அறிஞர்கள், இஸ்ரவேலரின் சகோதரர் என்றால் ஆபிரகாமின் இன்னொரு மகனான இஸ்மாயீலின் வழிவந்தவர்கள் (அரேபியர்), எனவே இது முகம்மது நபியைக் குறிக்கிறது என்கிறார்கள். மோசேயின் ஐந்து நூல்களை மட்டுமே வேதமாகக் கொண்டு, இன்றும் சிறு கூட்டமாக வாழும் சமாரியர்கள், இனி வரவிருக்கும் தாஹேப் என்பவரை இதில் காண்கிறார்கள். வசனம் ஒன்று, அதைத் தொடர்ந்து எந்த நூல்களை வேதமாக ஏற்கிறார்கள் என்பதைப் பொறுத்து நான்கு விடைகள்.

மூன்றாவது கேள்வி, வரிசை எங்கே முடிகிறது என்பது. மல்கியாவோடு தீர்க்கதரிசனம் நின்றுவிட்டது என்பது யூத மரபு. முகம்மது நபி (ஸல்) நபிமார்களின் முத்திரை, அவர்களில் இறுதியானவர் என்பது குர்ஆன் 33:40. கிறிஸ்தவத்தில் இறைவெளிப்பாடு கிறிஸ்துவில் நிறைவடைந்தது. ஆனால் தீர்க்கதரிசன வரம் இன்றும் உண்டு என்று பெந்தெகொஸ்தே சபைகள் நம்புகின்றன. மதுரையில் சுவரொட்டிகளில் 'தீர்க்கதரிசி' என்று பார்த்துப் பிள்ளைகள் கேட்டால் இதைச் சொல்லுங்கள்.

பின்னால் வந்த சமயம் முன்னவர்களை ஏற்கும், முன்னால் இருந்தது பின்னவரை ஏற்காது என்பது இங்கே திரும்பத் திரும்ப நடக்கிறது. காரணம் பிடிவாதம் இல்லை. ஒரு யூதர் இயேசுவை மேசியா என்று ஏற்றால் கிறிஸ்தவத்தின் மைய நம்பிக்கைக்குள் வந்துவிடுகிறார். ஒரு கிறிஸ்தவர் முகம்மது நபியை இறுதித் தூதர் என்று ஏற்றால் இஸ்லாத்துக்குள் வந்துவிடுகிறார். 19ஆம் நூற்றாண்டில் பாரசீகத்தில் எழுந்த பஹாவுல்லாவைப் பின்பற்றும் பஹாய்கள் மோசே, கிருஷ்ணர், புத்தர், இயேசு, முகம்மது நபி எல்லாரையும் ஏற்கிறார்கள். பஹாவுல்லாவை வேறு யாரும் தம் வரிசையில் சேர்ப்பதில்லை. இந்த வழக்கத்துக்கு மாறானவர்களும் உண்டு. ஈராக், ஈரான் பகுதிகளின் மாண்டேயர்கள் யோவான் ஸ்நானகனைப் போற்றுகிறார்கள், இயேசுவை ஏற்பதில்லை.

உங்கள் வகுப்பில் இந்துப் பிள்ளைகள் இதைப் பிறர் வீட்டு விஷயமாகக் கேட்டுக்கொண்டு உட்காராமல் இருக்க, நம் பக்கத்து மலையைக் காட்டுங்கள். கீழக்குயில்குடி சமணர் மலையில் தீர்த்தங்கரர் சிற்பங்கள் இருக்கின்றன. சமணர்களுக்கு இந்தக் காலச் சுற்றில் தீர்த்தங்கரர் 24 பேர், மகாவீரரோடு முடிந்தது. முதலாமவரான ரிஷபரைப் பாகவத புராணம் திருமாலின் அவதாரமாகச் சொல்கிறது. சமணர்கள் அப்படிக் கருதுவதில்லை. புத்தரும் அப்படியே: சில தசாவதாரப் பட்டியல்களில் அவர் இருக்கிறார், தமிழ்நாட்டில் அந்த இடத்தில் பெரும்பாலும் பலராமர் இருக்கிறார், பௌத்தர்கள் அவரை யாருடைய அவதாரமாகவும் ஏற்பதில்லை. அழகர்கோயில் மரபில் இறைவன் பிறந்து வருகிறார். சைவ சித்தாந்தமோ சிவன் கருவில் பிறப்பதில்லை என்கிறது.

இனி வகுப்பு. நாற்பது நிமிடத்தில் எல்லாவற்றையும் சொல்ல முயலாதீர்கள். தாவீது, இயேசு, முகம்மது நபி என மூன்று பேர் போதும். கட்டம் போட்டு "நபியா? ஆம் / இல்லை" என்று எழுத வேண்டாம், கிறிஸ்தவர் விடை அந்தக் கட்டத்துக்குள் அடங்காது, உடனே சண்டை வரும். "யார் என்று கருதுகிறார்கள்?" என்று தலைப்பிட்டு ஒவ்வொரு கட்டத்திலும் முழு வாக்கியம் எழுதுங்கள். வினைச்சொல்லில் கவனம் வேண்டும். ஒரு சமயத்துக்கு "இயேசு உயிர்த்தெழுந்தார்" என்றும் இன்னொன்றுக்கு "என்று நம்புகிறார்கள்" என்றும் சொன்னால் பிள்ளைகள் அந்த வித்தியாசத்தைக் கண்டிப்பாகக் கவனிப்பார்கள். எல்லாருக்கும் "நம்புகிறார்கள்" என்றே சொல்லுங்கள். நபிமார்களின் படம் எதையும் ஒட்டவோ வரையச் சொல்லவோ கூடாது. முஸ்லிம் மாணவனை எழுப்பி "உங்கள் மதத்தில் என்ன?" என்று கேட்காதீர்கள், பன்னிரண்டு வயதுப் பிள்ளை ஒரு சமயத்தின் பேச்சாளன் இல்லை. அவனாகச் சொன்னால் கேட்டுக்கொள்ளுங்கள்.

பைபிளை எடுத்துவரச் சொன்னால் ஒரு குழப்பம் வரும். கத்தோலிக்கப் பிள்ளையின் திருவிவிலியத்தில் உபாகமம் இருக்காது, 'இணைச்சட்டம்' இருக்கும். அப்போஸ்தலர் நடபடிகள் 'திருத்தூதர் பணிகள்' ஆகியிருக்கும். மோசே மூஸா நபி, யோவான் யஹ்யா நபி என்ற இணைப்பெயர்களையும் முன்கூட்டியே பலகை ஓரத்தில் எழுதிவிட்டால் நேரம் மிச்சம்.

"எல்லா மதமும் ஒன்றுதான்" என்ற வாக்கியத்தை விட்டுவிடுங்கள், சகோதரி. நல்ல எண்ணத்தில் சொன்னீர்கள், ஆனால் அது மூன்று பிள்ளைகளிடமும் "நீ சொன்னது முக்கியமில்லை" என்று சொல்வதாகிவிடுகிறது. "அப்ப யார் சொல்றது சரி மிஸ்?" என்று கேட்டால், ஒவ்வொருவரும் எதை வைத்து அந்த முடிவுக்கு வந்தார்கள் என்பதுவரை இந்த வகுப்பில் பார்ப்போம், எதை நம்புவது என்பதை உன் வீட்டாரோடு பேசு என்று நேராகச் சொல்லிவிடலாம்.

யூதர் தரப்பை நீங்கள்தான் சொல்ல வேண்டும். அவர்கள் இல்லாத இடத்தில் அவர்களுக்காகப் பேச வேறு யாரும் இல்லை. "யூதர்கள் மேசியாவை மறுத்தார்கள்" என்று தொடங்காமல், "யூதர்கள் இன்னும் எதிர்பார்க்கிறார்கள்" என்று தொடங்குங்கள். இயேசுவின் முதல் சீடர்கள் எல்லாருமே யூதர்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். "அவர்கள்தானே இயேசுவைக் கொன்றார்கள்" என்று யாராவது சொன்னால் அதை அப்படியே விடக் கூடாது. சிலுவை ரோமர்களின் தண்டனை, உத்தரவிட்டவர் ரோம ஆளுநர் பொந்தியு பிலாத்து. அந்த மரணத்துக்கான பழியை அன்றைய யூதர் எல்லார்மீதும், இன்றைய யூதர்மீதும் சுமத்தக் கூடாது என்று கத்தோலிக்கத் திருச்சபை 1965இல், இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில், எழுத்திலேயே அறிவித்திருக்கிறது. கத்தோலிக்க மாணவர்களிடம் இந்த ஆண்டைக் குறிப்பிட்டே சொல்லுங்கள். தங்கள் சபையின் வார்த்தை என்பதால் காதுகொடுத்துக் கேட்பார்கள்.