முத்துவின் முதுகில் என்ன திட்டு?

கேள்வி: வணக்கம் டாக்டர். எங்கள் வீட்டில் முத்து என்று ஓர் ஆக்ஸலாட்டில் (தவளைக்கு உறவான, தண்ணீரிலேயே வாழும் சாலமாண்டர் வகை) இருக்கிறது. வெளிர் ரோஜா நிறம், கருப்புக் கண்கள், இரண்டு வயது. கொஞ்ச நாளாக அதன் முதுகிலும் வால் தொடங்கும் இடத்திலும் சாம்பல் வெள்ளையாகத் திட்டுகள் தெரிகின்றன. ஒன்றிரண்டின் ஓரம் சிவந்திருக்கிறது. மண்புழுவைக் கண்டாலே பாய்ந்து வருவது, இப்போது மோந்து பார்த்துவிட்டுத் திரும்பிக்கொள்கிறது. தொட்டித் தண்ணீர் பளிச்சென்று தெளிவாகத்தான் இருக்கிறது. போன மாதக் கடைசியில்கூட ஃபில்டரைக் கழற்றி, உள்ளே இருக்கும் ஸ்பாஞ்சைக் குழாயடியில் பிடித்து அழுக்கெல்லாம் போக அலசினேன். மீன் கடையில் நீல மருந்து ஒன்றைத் தொட்டியில் ஊற்றச் சொல்கிறார்கள். கால்நடை மருத்துவரோ இந்த உயிரினத்தைப் பார்த்ததே இல்லை என்று சொல்லிவிட்டார். இது என்ன நோய்? மருந்து ஊற்றலாமா? படம் அனுப்பியிருக்கிறேன்.

பதில்: ஊற்றாதீர்கள். மருந்து பாட்டிலை எடுத்து வைத்துவிட்டு மேலே படியுங்கள்.

படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன். திட்டுகள் தோலோடு தோலாகத் தட்டையாக இருக்கின்றன. பூஞ்சையாக இருந்தால் இழை இழையாக எழும்பி நின்று, தண்ணீர் அசையும்போது தானும் அசையும். இங்கே அப்படி எதுவும் தெரியவில்லை. திட்டைவிட என் கண்ணில் முதலில் பட்டது செவுள்கள்தான். தலையின் இரு பக்கமும் மும்மூன்றாக நிற்கும் அவை, சாதாரணமாகப் பின்பக்கம் சாய்ந்து ஓய்வாக இருக்க வேண்டும். முத்துவுக்கு நுனிகள் முன்னால் வளைந்து கிடக்கின்றன. வால் நுனியும் சுருண்டிருக்கிறது. ஆக்ஸலாட்டில் அவதிப்படும்போது உடம்பு காட்டும் அடையாளங்கள் இவை.

உங்கள் கடிதத்தில் குழாயடி என்று ஒரு வார்த்தை வருகிறது. என் சந்தேகம் முழுக்க அங்கேதான். முத்துவின் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட புழுவிலிருந்தும் அம்மோனியா உண்டாகிக்கொண்டே இருக்கும். அதை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை அவ்வளவாகத் தீங்கில்லாத நைட்ரேட்டாகவும் மாற்றும் பாக்டீரியாக்கள் பெரும்பாலும் அந்த ஸ்பாஞ்சில்தான் குடியிருக்கின்றன. குழாய்த் தண்ணீரில் உள்ள குளோரின் அவற்றைக் கொன்றிருக்கும். அலசியதில் மிச்சமும் போயிருக்கும். அதற்குப் பிறகு அம்மோனியா ஏறிக்கொண்டே இருந்திருக்கலாம். அம்மோனியாவுக்கு நிறம் கிடையாது, அதனால் தண்ணீர் தெளிவாக இருப்பதை நம்பாதீர்கள்.

மீனுக்குச் செதில் இருக்கிறது. இதற்கு அதுவும் கிடையாது. வழவழப்பான மெல்லிய தோல் மட்டும்தான், அந்தத் தோலாலும் அது சுவாசிக்கிறது. தண்ணீரில் என்ன இருந்தாலும் சுலபமாக உடம்புக்குள் போய்விடும். தோல் சிவப்பது, வெளுத்து உரிவது, சாப்பாடு வேண்டாம் என்று ஒதுங்குவது எல்லாம் அம்மோனியா சுட்டதால் வரலாம். மீனுக்கென்று அளவு போட்ட மருந்தை இதற்கு அப்படியே ஊற்றக் கூடாது என்று நான் பிடிவாதமாகச் சொல்வதும் இந்தத் தோலால்தான். தாமிரம், மாலகைட் கிரீன் கலந்த மருந்துகள் பக்கமே போக வேண்டாம். உங்களுக்குச் சொன்ன நீல மருந்து அநேகமாக மெத்திலீன் நீலம். அதைத் தொட்டியில் ஊற்றினால் ஃபில்டரில் பிழைத்திருக்கும் கொஞ்சநஞ்ச பாக்டீரியாவும் செத்துவிடும்.

சரி, இன்றைக்கே என்ன செய்யலாம்? திரவத்தைச் சொட்டு விட்டு நிறம் பார்க்கும் டெஸ்ட் கிட் ஒன்று வாங்குங்கள். தாள் பட்டை வேண்டாம், பல பட்டைகளில் அம்மோனியாவுக்குக் கட்டமே இருக்காது. அம்மோனியா பூஜ்யம், நைட்ரைட் பூஜ்யம், நைட்ரேட் லிட்டருக்கு 20 மில்லிகிராமுக்குக் கீழே. இதுதான் வேண்டிய கணக்கு. முதல் இரண்டில் எது பூஜ்யத்துக்கு மேல் லேசாகக் காட்டினாலும் முத்து அந்தத் தொட்டியில் இருக்கக் கூடாது.

சோப்புப் படாத ஒரு பிளாஸ்டிக் டப்பில் அதைத் தனியாக வையுங்கள். செவுள்கள் நன்றாக மூழ்குமளவு தண்ணீர் இருக்கட்டும். குளோரின் நீக்கும் திரவம் சேர்த்த தண்ணீராக இருக்க வேண்டும், கற்றாழை கலந்ததை மட்டும் வாங்காதீர்கள். தண்ணீரைப் பிடித்து ஒரு ராத்திரி வைத்தால் போதும் என்பார்கள். குளோரமைன் (குளோரினும் அம்மோனியாவும் சேர்ந்தது, எளிதில் ஆவியாகிப் போகாது) சேர்த்த தண்ணீரில் அது பலிக்காது. டப்பில் ஃபில்டர் இல்லாததால் தினமும் முழுத் தண்ணீரையும் மாற்றியாக வேண்டும். இரண்டு டப் இருந்தால் சிரமமில்லை. ஒன்றில் புதுத் தண்ணீர் தயார் செய்து, இரண்டும் ஒரே வெப்பநிலைக்கு வந்த பிறகு முத்துவை மாற்றலாம். வலையால் பிடிக்காதீர்கள், செவுளும் விரலும் சிக்கிக்கொள்ளும். ஒரு கிண்ணத்தைத் தண்ணீருக்குள் சாய்த்து, அது உள்ளே வந்ததும் தண்ணீரோடு மொண்டு எடுங்கள். ஒளிந்துகொள்ள ஏதாவது வையுங்கள். மேலே துணி போட்டு வெளிச்சத்தைக் குறையுங்கள், காற்று மட்டும் போய் வரட்டும்.

வெப்பநிலையைப் பற்றி நீங்கள் ஒரு வரிகூட எழுதவில்லை. இதன் பூர்வீகம் மெக்சிகோ நகரத்தின் தெற்குப் பகுதியில் உள்ள சோச்சிமில்கோ ஏரி. கடல் மட்டத்திலிருந்து 2,200 மீட்டருக்கும் மேலே இருக்கும் குளிர்ந்த தண்ணீர் அது. தொட்டியில் 16 முதல் 18 டிகிரி செல்சியஸ் இருந்தால் நல்லது. 20ஐத் தாண்டினால் திணறும், 24 ஆபத்து. தண்ணீர் சூடாக ஆக, அதே அம்மோனியாவின் நச்சும் கூடும். தண்ணீரின் மேல் மின்விசிறிக் காற்று படும்படி வைத்தால் சில டிகிரி இறங்கும். ஐஸ் பாட்டிலைப் போட்டுச் சட்டென்று குளிர்விக்கவும் வேண்டாம், ஏறி இறங்குவது அதற்கு இன்னும் கஷ்டம்.

டப்பில் வைத்த முதல் சில நாட்களிலேயே செவுள் பின்னால் சாயத் தொடங்கி, சிவப்பும் மங்கினால் காரணம் தண்ணீர்தான். திட்டுகள் மறைய இன்னும் நாளாகும், பதற வேண்டாம். இழந்த காலையே திரும்ப வளர்த்துக்கொள்ளும் உயிர் இது. தோல் ஆறுவது அதற்குப் பெரிய காரியமில்லை, தண்ணீர் மட்டும் சுத்தமாக இருந்தால் போதும். முத்து டப்பில் இருக்கும்போது தொட்டி ஃபில்டரை ஓட விடுங்கள். பாக்டீரியாவுக்கு உணவாக அம்மோனியா கொஞ்சம் சேர்த்து, அது ஒரு நாளைக்குள் நைட்ரைட்டும் மிஞ்சாமல் தீர்கிறதா என்று சோதித்துக்கொண்டே வாருங்கள். இதற்குச் சில வாரங்கள் ஆகும். இனி ஸ்பாஞ்சை அலசுவதென்றால் தொட்டியிலிருந்து எடுத்த தண்ணீரிலேயே இரண்டு பிழி பிழிந்தால் போதும்.

தண்ணீர் சரியாக இருந்தும் திட்டு பரவினாலோ, புண்ணாகிக் குழி விழுந்தாலோ, உடம்பு ஊதினாலோ, முத்து சாய்ந்து மிதந்தாலோ காத்திருக்காதீர்கள். பாக்டீரியாத் தொற்றும் இதே மாதிரி சாம்பல் திட்டாகத்தான் தொடங்கும், வெறும் கண்ணால் பிரித்துச் சொல்ல எனக்கும் முடியாது. திட்டிலிருந்து லேசாகச் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். ஆக்ஸலாட்டிலைப் பார்த்திராத மருத்துவராக இருந்தாலும் இதைச் செய்ய முடியும். 'இது சாலமாண்டர் வகை, தவளைக்கு உறவு' என்று சொல்லிக் கேளுங்கள். ஊர்வன, நீர்நில வாழ்வன பார்ப்பவர் கிடைத்தால் இன்னும் நல்லது.

கேள்வி: என் ஆக்ஸலாட்டிலின் ஒரு செவுளில் வெள்ளைப் பஞ்சு ஒட்டியதுபோல் இருக்கிறது. உப்புத் தண்ணீர்க் குளியல் கொடுக்கலாமா?

பதில்: இது பூஞ்சையாகத்தான் தோன்றுகிறது. கொடுக்கலாம். அயோடின் சேர்க்காத உப்பு, ஒரு லிட்டருக்கு இரண்டு டீஸ்பூன், நன்றாகக் கரைந்த குளிர்ந்த தண்ணீர். 10 நிமிடம் போதும், 15ஐத் தாண்டவே கூடாது. பக்கத்திலேயே உட்கார்ந்து பாருங்கள், துள்ளினால் உடனே எடுத்து நல்ல தண்ணீரில் விடுங்கள். நாளுக்கு இரண்டு தடவைக்கு மேல் வேண்டாம். தோல் கிழிந்து புண்ணாகியிருந்தால் உப்பே வேண்டாம், முதலில் மருத்துவர். பஞ்சைக் கையால் பிய்க்காதீர்கள், செவுள் இழையும் கூடவே வந்துவிடும். பூஞ்சை பெரும்பாலும் காயம்பட்ட இடத்திலோ நலிந்த உடம்பிலோதான் பிடிக்கும். அதனால் மேலே சொன்ன தண்ணீர்ச் சோதனை உங்களுக்கும் உண்டு.

கேள்வி: எங்களுடைய ஆக்ஸலாட்டில் கரும்பச்சை நிறம். வளர வளர உடம்பில் பொடிப்பொடியாக மினுமினுப்பு கூடுகிறது. நோயா?

பதில்: இல்லை. ஒளியைத் திருப்பிவிடும் நிறமிச் செல்கள் தோலில் உண்டு, அவைதான் மின்னுகின்றன. அவ்வப்போது கண்ணாடித்தாள் போல மெல்லிய படலம் ஒன்று மிதந்தாலும் பயப்படாதீர்கள், தோல் உரித்திருக்கும். மாதம் ஒருமுறை ஒரே இடத்தில், ஒரே வெளிச்சத்தில் இரண்டு பக்கமும் மேலிருந்தும் படம் எடுத்து வையுங்கள். எப்போதாவது சந்தேகம் வந்தால் ஒப்பிட்டுப் பார்க்க உங்களுக்கும் மருத்துவருக்கும் உதவும்.