தேதி முடிந்த பாக்கெட் பாலைக் காய்ச்சிக் குடிக்கலாமா?

நேற்றோடு தேதி முடிந்த பால் பாக்கெட் ஃபிரிட்ஜில் பிரிக்காமல் இருக்கிறது, காய்ச்சிக் குடிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். வாங்கியதிலிருந்து 5 டிகிரிக்குக் கீழேயே இருந்திருந்தால் ஒரு நாளில் பெரும்பாலும் கெட்டிருக்காது. ஆனால் நடுவில் கரன்ட் போனதா, காலையில் வாசல் பையில் எத்தனை நேரம் கிடந்தது என்பதெல்லாம் அச்சிட்ட தேதிக்குத் தெரியாது.

பாக்கெட் பாலை வழக்கமாக 72 டிகிரியில் 15 விநாடி சூடாக்கித்தான் அனுப்புகிறார்கள். நோய்க்கிருமிகள் சாகும், சூடு தாங்கும் சில பாக்டீரியாக்கள் பிழைத்துக்கொள்ளும். பிறகு இவற்றில் சில மெல்லப் பெருகி, பாலிலுள்ள சர்க்கரையான லாக்டோஸை அமிலமாக மாற்றும். புளிப்பு லேசாக ஏறிய பால் பார்க்க நன்றாகவே இருக்கும், அடுப்பில் வைத்ததும் திரிந்துவிடும். சூட்டில் கேசீன் புரதம் குறைந்த அமிலத்துக்கே கட்டிவிடுவதுதான் காரணம்.

அதனால் முதலில் கொஞ்சம் மட்டும் தனியாகக் காய்ச்சிப் பாருங்கள். பாக்கெட் உப்பியிருந்தாலோ, நாறினாலோ, திரிந்தாலோ கொட்டிவிடுங்கள். திரிந்ததைப் பனீர் ஆக்கலாமே என்பார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நல்ல பாலில் எலுமிச்சை பிழிவது வேறு, எந்தக் கிருமி திரித்தது என்றே தெரியாதது வேறு. ஸ்டஃபைலோகாக்கஸ் கிருமி விடும் நஞ்சு கொதிக்க வைத்தாலும் போகாது. கைக்குழந்தைக்கும் கர்ப்பிணிக்கும் இந்தச் சோதனையே வேண்டாம்.

மிக அதிகச் சூட்டில் சில விநாடி காய்ச்சி அட்டைப்பெட்டியில் அடைத்து வரும் யு.எச்.டி. பால் கதை வேறு. பிரிக்காதவரை வெளியிலேயே மாதக்கணக்கில் தாங்கும். பிரித்துவிட்டால் அதுவும் ஃபிரிட்ஜுக்குத்தான் போக வேண்டும்.