விசை சுழி ஆனபிறகும் குண்டு ஏன் நிற்பதில்லை?

கேள்வி: கிளிசரினில் சீரான வேகத்தில் இறங்கும் எஃகு குண்டின் மீது நிகர விசை சுழி என்று பாடத்தில் இருக்கிறது. அப்படியானால் குண்டு நின்றுவிட வேண்டாமா என்று என் மகள் கேட்கிறாள். செய்முறைத் தேர்வு வருகிறது. எழுதி முடித்த பதிவேடு விலைக்குக் கிடைக்கிறது என்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். காரணம் பிறகு. முதலில் மகளின் சந்தேகம்.

விசை தேவைப்படுவது வேகத்தை மாற்றுவதற்குத்தான். போகிற வேகத்திலேயே போய்க்கொண்டிருக்க விசை வேண்டாம். கீழே இழுக்கும் எடையும், மேலே தள்ளும் மிதப்பு விசை, பாகியல் விசை (ஓடும் பொருளைத் திரவம் தடுக்கும் விசை) இரண்டின் கூட்டலும் சமமாகும்போது குண்டு ஏற்கெனவே இறங்கிக்கொண்டிருக்கிறது. அதே வேகத்தில் இறங்கும். கொஞ்சம் வேகம் குறைந்தாலும் பாகியல் விசை குறைந்துவிடும், எடை மறுபடி இழுத்துப் பழைய வேகத்துக்கே கொண்டுவரும். இதுதான் முற்றுத்திசைவேகம்.

2 மி.மீ. விட்டமுள்ள எஃகு குண்டின் எடை சுமார் 0.32 மில்லிநியூட்டன். கிளிசரினில் மிதப்பு விசை 0.05, மீதி 0.27 பாகியல் விசை. பல வழிகாட்டி நூல்கள் விசைப் படத்தில் எடைக்கும் பாகியல் விசைக்கும் இரண்டே அம்புக்குறி போட்டு மிதப்பு விசையை விட்டுவிடுகின்றன. அதை நம்பிக் கணக்குப் போட்டால், இந்தச் செய்முறையில் கண்டுபிடிக்க வேண்டிய பாகுநிலை, அதாவது திரவம் ஓட்டத்தை எவ்வளவு தடுக்கிறது என்ற அளவு, கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு கூடுதலாக வரும்.

இன்னொன்று, குழாயின் சுவர். பாகியல் விசையைக் கணக்கிட 1851இல் இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் வெளியிட்ட சூத்திரம் எல்லையில்லாத திரவத்துக்கானது. குண்டு இறங்க, அது இடம்பெயர்க்கும் திரவம் பக்கவாட்டில் மேலேறியாக வேண்டும். சுவர் நெருக்கமாக இருந்தால் அந்த ஓட்டம் இறுகி, குண்டு மெதுவாகும். 4 செ.மீ. விட்டக் குழாயின் நடுவில் விட்டால்கூட, இந்தச் சின்னக் குண்டு சுமார் பத்தில் ஒரு பங்கு மெதுவாகத்தான் போகும். 2 செ.மீ. குழாயில் அதைப்போல இரு மடங்கு குறையும். சுவரோரம் விட்டால் இன்னும் மோசம். கவனமாகச் செய்த பிள்ளைக்கும் விடை தள்ளிப்போவது இதனால்தான். நூல் விடையோடு ஒத்துப்போனால் மதிப்பெண், இல்லையென்றால் சிவப்புக் கோடு! இப்படித் திருத்தினால் பிள்ளைகள் எண்ணை மாற்றி எழுதத்தான் கற்றுக்கொள்வார்கள். திருத்துபவர் வெப்பநிலையைக்கூடக் கேட்பதில்லை.

சரி, பதிவேட்டுக்கு வருவோம். கிளிசரினின் பாகுநிலை 20 டிகிரி செல்சியஸில் சுமார் 1.4 பாஸ்கல் நொடி. 30 டிகிரியில் அது பாதிக்கும் கீழே போய்விடும். திறந்து வைத்தால் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்து இன்னும் இளகும். வேறொரு நாளில் வேறொரு புட்டியில் எடுத்த அளவீடு உங்கள் மகளின் குழாய்க்கு எப்படிப் பொருந்தும்? விற்பவருக்கு அந்தக் கவலை கிடையாது.

கிடைப்பதில் மிகச் சிறிய குண்டை எடுக்கச் சொல்லுங்கள். குழாயின் நடுவில் விடட்டும். திரவ மட்டத்துக்குச் சில செ.மீ. கீழிருந்து நேரம் எடுக்கட்டும், அடிப்பகுதிக்கு முன்பே நிறுத்தட்டும். வெப்பநிலையை அளவீட்டுக்குப் பக்கத்திலேயே எழுதிவைக்கட்டும்.