பழைய டிவிடி ஐஎஸ்ஓ ஓடவில்லையா? மும்பைக்காரர்களின் கேள்விகளும் என் பதில்களும்

லாமிங்டன் ரோடு பக்கம் சின்னக் கடை ஒன்றில் கல்யாணக் கேசட், டிவிடிகளைக் கணினிக்கு மாற்றிக் கொடுப்பது என் வேலை. வந்த கேள்விகளைச் சுருக்கி, ஊர்ப் பெயரோடு போட்டிருக்கிறேன். ஐஎஸ்ஓ என்பது ஒரு டிஸ்க் முழுவதையும் ஒரே கோப்பாக எடுத்த நகல். எல்லோருக்கும் பொதுவாக முதலில் ஒன்று: எதைச் செய்வதற்கு முன்னாலும் மூலக் கோப்பை இன்னொரு இடத்தில் நகல் எடுத்து வையுங்கள்.

செம்பூர்: 2006 கல்யாண டிவிடியின் ஐஎஸ்ஓ. விண்டோஸ் 11-இல் டபுள் கிளிக் செய்தால் இரண்டு ஃபோல்டர்தான் தெரிகிறது, படம் ஓடவில்லை. ஆடியோ ஃபோல்டர் காலி. பாட்டெல்லாம் போய்விட்டதா?

ஒன்றும் போகவில்லை. வீடியோ டிவிடியில் ஆடியோ_டிஎஸ் ஃபோல்டர் காலியாகத்தான் இருக்கும். படமும் ஒலியும் வீடியோ_டிஎஸ்-க்குள் விஓபி கோப்புகளில் சேர்ந்தே இருக்கின்றன. விண்டோஸ் 8-இலிருந்து ஐஎஸ்ஓ தானாகத் திறக்கும், ஆனால் டிவிடி ஓட்டும் வசதியைக் கூடவே தருவதில்லை. விஎல்சி என்ற இலவச வீடியோ பிளேயரைத் திறந்து, ஐஎஸ்ஓவை அப்படியே இழுத்து அதில் போடுங்கள். மெனுவோடு வரும்.

டோம்பிவிலி: பென் டிரைவில் காப்பி ஆகவில்லை, 'கோப்பு பெரியது' என்கிறது. டிரைவில் 20 ஜிபி காலியாக இருக்கிறது.

டிரைவ் ஃபேட்32 என்ற பழைய ஃபார்மேட்டில் இருக்கிறது. அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்டக் கூடாது. உள்ளே இருப்பதை வெளியே எடுத்துவிட்டு எக்ஸ்ஃபேட்டில் ஃபார்மேட் செய்யுங்கள். இன்னொன்றையும் பாருங்கள். சில பழைய மென்பொருள்கள் எச்சரிக்காமல் பாதியில் வெட்டிவிடும். உங்கள் ஐஎஸ்ஓவின் அளவு சரியாக 4,294,967,295 பைட் என்று காட்டினால் அது வெட்டுப்பட்ட கோப்பு. தாலி கட்டுவது வரை ஓடும், ரிசப்ஷன் வராது. அசல் டிஸ்கிலிருந்து மறுபடி எடுக்க வேண்டியதுதான்.

மாட்டுங்கா: மகளின் அரங்கேற்றம், 2004. கோப்பு என்ஆர்ஜி என்று முடிகிறது. பெயரை ஐஎஸ்ஓ என்று மாற்றியும் ஓடவில்லை. வேறொரு கணினியில் ஓடியபோது கைவிரல்கள் சீப்புப் பல் மாதிரி கிழிந்து தெரிந்தன.

அம்மா, இது இரண்டு தனித்தனி விஷயம். என்ஆர்ஜி என்பது நீரோ மென்பொருளின் வடிவம். சாதாரண டிவிடி நகலில் முன்னால் 3,07,200 பைட் காலி இடம் விட்டு, அப்புறம்தான் உண்மையான தரவு தொடங்கும். பெயரை மாற்றினால் அந்த இடம் அப்படியேதான் இருக்கும், பிளேயர் தேடும் இடத்தில் எதுவும் கிடைக்காது. என்ஆர்ஜி2ஐஎஸ்ஓ என்ற சிறிய நிரல் அதை நீக்கிப் புதிய ஐஎஸ்ஓ எழுதிக் கொடுக்கும். என்ஆர்ஜியை அழிக்காதீர்கள்.

சீப்புப் பல் கோளாறு அல்ல. நம் ஊர் டிவியின் பால் (PAL) முறையில் நொடிக்கு 25 ஃபிரேம். கேமரா ஒவ்வொன்றையும் ஒற்றை வரிகள், இரட்டை வரிகள் என்று இரண்டு பாதியாக, நொடிக்கு 50 தடவை எடுத்தது. பழைய டிவி அதை அப்படியே காட்டியது. கணினி இரண்டு பாதியையும் ஒன்றாக ஒட்டிக் காட்டுகிறது. தீர்மானத்தில், அதாவது ஜதியை முடிக்கும் அடவுகளில், கை வேகமாகப் போகும்போது ஒரு பாதியில் விரல் இங்கே, மறு பாதியில் அங்கே. விஎல்சியில் டி விசையை அழுத்துங்கள், சரியாகிவிடும். பின்னால் எம்பி4 ஆக்கினால் 25-க்குக் குறைக்காமல் நொடிக்கு 50 ஃபிரேமாக எடுக்கச் சொல்லுங்கள். இல்லாவிட்டால் அடவின் அசைவில் பாதி போய்விடும்.

முலுண்ட்: பின் (.bin), க்யூ (.cue) என்று முடியும் இரண்டு கோப்பு. ஐஎஸ்ஓ ஆக்கினேன், படம் கட்டம் கட்டமாக உடைகிறது.

அது விசிடி, அதாவது வீடியோ சிடி. அதன் ஒவ்வொரு வீடியோ செக்டரிலும் (டிஸ்கில் தரவு எழுதும் சிறு துண்டு) 2,324 பைட் தரவு இருக்கும், ஐஎஸ்ஓ 2,048 மட்டுமே எடுக்கும். மிச்சம் அறுந்துவிட்டது. பின், க்யூ இரண்டும் இன்னும் இருந்தால் ஐஸோபஸ்டர் என்ற டிஸ்க் மீட்பு நிரலில் திறந்து படத்தை எம்பெக் கோப்பாக வெளியே எடுங்கள்.

தாணே: எதற்கு இந்தப் பாடு? எல்லாவற்றையும் எம்பி4 ஆக்கிவிட்டு ஐஎஸ்ஓவை அழித்தால் இடமாவது மிஞ்சும்.

அந்தேரி: தாணேக்காரர் சொல்வதைக் கேட்காதீர்கள். நான் அப்படித்தான் அழித்தேன். தாத்தாவின் சஷ்டியப்த பூர்த்தியில் இரண்டாவது ஆடியோ டிராக்கில் அவர் பேச்சு இருந்தது. எம்பி4-இல் முதல் டிராக் மட்டும்தான் வந்திருக்கிறது.

அந்தேரிக்காரருக்கு நேர்ந்ததை நானும் கடையில் பலமுறை பார்த்திருக்கிறேன். டிவிடியில் இருப்பது ஏற்கெனவே எம்பெக்-2-இல் சுருக்கிய படம். எம்பி4 ஆக்கும்போது இரண்டாம் முறை சுருக்குகிறோம். இருட்டு மண்டபம், பட்டுப்புடவை ஜரிகை, இதெல்லாம் முதலில் அழியும். மெனுவும் போகும். மேக்எம்கேவி என்ற நிரல் மறுபடி சுருக்காமல் எம்கேவி என்ற வீடியோ கோப்பாக ஆக்கித் தரும், ஆடியோ டிராக்குகளும் தங்கும். ஆனால் அதிலும் மெனு வராது.

தாணே, மறுபடியும்: பேரப்பிள்ளைகள் போனில்தானே பார்க்கிறார்கள்?

போனுக்கு எம்பி4 தாராளமாகச் செய்யுங்கள். ஐஎஸ்ஓவை அழிக்க மட்டும் வேண்டாம். இடம் என்கிறீர்களே, கணக்குப் போடுங்கள். முழுதும் நிரம்பிய சாதாரண டிவிடி 4.7 ஜிபி. 200 டிஸ்க் சேர்ந்தால் 940 ஜிபி. ஒரு டிபி (1,000 ஜிபி) ஹார்ட் டிஸ்க் ஒன்றில் அத்தனையும் அடங்கும். இருபது வருடம் கழித்து இதைவிட நல்ல மென்பொருள் வரும், அப்போது அதற்குக் கொடுக்க மூலம் வேண்டும்.

கல்யாண், வாஷி, போரிவிலி: ஐஎஸ்ஓ ஓடவில்லை.

மூவருக்கும் முதல் பதிலும் இரண்டாவது பதிலும்தான். கோப்பின் அளவு, எந்த விண்டோஸ், திரையில் வந்த செய்தி, இவை இல்லாமல் எழுதினால் என்னால் எதுவும் சொல்ல முடியாது.

காட்கோபர்: கடையில் வாங்கிய படத்தின் பூட்டை எடுப்பது எப்படி?

அதற்கு இங்கே பதில் சொல்வதில்லை.

நெருல்: மழைக்காலம் முடிந்து டிஸ்கை எடுத்தால் வெள்ளைப் புள்ளிகள். ஐஎஸ்ஓ எடுப்பது 71 சதவீதத்தில் நிற்கிறது.

பூஞ்சை. இங்கே ஜூலை, ஆகஸ்டில் அலமாரிக்குள்ளேயே வரும். மிதமான சோப்புத் தண்ணீரில் கழுவி, மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பு நோக்கி நேராகத் துடையுங்கள். வட்டமாகத் தேய்த்தால் விழும் கீறல் தடத்தோடு நீளமாக ஓடும், டிரைவால் திருத்த முடியாது. டூத்பேஸ்ட் கிட்டவே வரக் கூடாது. அப்புறம் லினக்ஸில், கெட்ட டிஸ்கிலிருந்து தரவை மீட்கும் டிடிரெஸ்க்யூ நிரலைப் போடுங்கள். மேப் கோப்பு கொடுத்து ஓட்டினால் படித்த இடத்தை நினைவில் வைத்து, விட்டதை மட்டும் மறுபடி முயலும். அதே மேப் கோப்போடு வேறொரு டிரைவிலும் ஓட்டுங்கள். ஒரு டிரைவ் படிக்காததை இன்னொன்று படிப்பது உண்டு.

சயான்: ஹேண்டிகேமின் குட்டி டிவிடி. கணினி 'காலி டிஸ்க்' என்கிறது. குழந்தையின் முதல் பிறந்தநாள் அதில் இருக்கிறது.

பதிவு உள்ளே இருக்க வாய்ப்பு அதிகம். டிஸ்கை ஃபைனலைஸ் செய்யாமல், அதாவது மற்ற கருவிகள் படிக்கும்படி பதிவை முடித்து மூடாமல், விட்டிருப்பார்கள். அதே கேமராவில், அது பழுதாகியிருந்தால் அதே மாடல் வேறொன்றில் போட்டு மெனுவில் ஃபைனலைஸ் கொடுங்கள். கேமராவே கிடைக்காவிட்டால் ஐஸோபஸ்டரில் முயலலாம். அதுவரை, கணினி 'ஃபார்மேட் செய்யவா' என்று கேட்டால் 'வேண்டாம்' என்று அழுத்தி டிஸ்கை வெளியே எடுத்துவிடுங்கள்.