மெடல் இல்லாமல் மாஸ்டர் ஆகலாமா?

கேள்வி: எனக்கு வயது 27. பள்ளி நாள்களிலிருந்து கராத்தே பழகுகிறேன். பிளாக் பெல்ட் வாங்கிச் சில ஆண்டுகள் ஆகின்றன. போட்டிகளில் காலிறுதியைத் தாண்டியதே இல்லை. இப்போது என் மாஸ்டர், சிறுவர்களுக்கான மாலை கிளாஸை என்னை எடுக்கச் சொல்கிறார். பெரிதாக எதையும் ஜெயிக்காத நான் எந்த முகத்தோடு சொல்லிக்கொடுப்பது? ஆரம்பித்துவிட்டால் என் சொந்தப் பயிற்சி நின்றுபோகுமோ என்றும் பயமாக இருக்கிறது. என்ன செய்யட்டும்? (ஒரு வாசகி)

பதில்: எடுத்துக்கொள்ளுங்கள் சகோதரி. காரணங்களை அப்புறம் பார்ப்போம், முதலில் இதைச் சொல்லிவிடுகிறேன்.

மெடல் விஷயத்துக்கு வருவோம். கராத்தேயை ஓகினாவாவிலிருந்து ஜப்பானின் மற்ற பகுதிகளுக்குக் கொண்டுசென்றவர்களில் முக்கியமானவர் ஃபுனகோஷி கிச்சின். நெடுங்காலம் பள்ளி ஆசிரியராக இருந்தவர். 1922-இல் டோக்கியோவில் கராத்தேயைச் செய்துகாட்டப் போனபோது ஐம்பது வயதைத் தாண்டியிருந்தார். அங்கேயே தங்கிச் சொல்லிக்கொடுக்கவும் தொடங்கினார். ஜப்பான் கராத்தே சங்கம் தன் முதல் தேசியப் போட்டியை நடத்தியது 1957-இல். அவர் காலமானதும் அதே ஆண்டில்தான். இன்று உலகம் முழுக்கப் பழகும் ஷோட்டோகான் என்ற கராத்தே பிரிவு, கோப்பை எதுவும் வாங்காத ஓர் ஆசிரியரிடமிருந்து வந்தது. நீங்கள் தயங்க வேண்டியதே இல்லை.

நான் கோச் ஆனதும் திட்டமிட்டு நடந்ததல்ல. முழங்கால் காயத்தால் போட்டிகளிலிருந்து ஒதுங்கியிருந்தபோது, சும்மா உட்கார வேண்டாம் என்று என் மாஸ்டர் புதியவர்கள் வரிசையைப் பார்த்துக்கொள்ளச் சொன்னார். கிக் எதையும் செய்துகாட்ட முடியாத நிலை. பார்ப்பது ஒன்றுதான் என்னால் முடிந்தது. பஞ்ச் ஏன் பலமில்லாமல் போகிறது என்று கையையே பார்த்துக்கொண்டிருந்தவன், மெல்ல மெல்லக் கால்களைப் பார்க்கக் கற்றேன். பின்கால் தரையைத் தள்ளுகிறதா, இடுப்பு திரும்புகிறதா, தோள் காதுவரை ஏறி இறுகியிருக்கிறதா என்று கவனித்தால் பெரும்பாலும் காரணம் கிடைத்துவிடும். சொல்லிக்கொடுப்பதில் பாதிக்கு மேல் இந்தப் பார்வைதான் என்று நான் உறுதியாக நம்புகிறேன். இது உங்களுக்கு ஓரளவு இப்போதே இருக்கும். ஒரு டெக்னிக் சுலபத்தில் வராமல் திண்டாடிக் கற்றவர்களுக்கு, அது எந்த இடத்தில் சிக்கும் என்று தெரியும்.

பக்கவாட்டிலிருந்து காலைச் சுழற்றி உதைக்கும் ரவுண்டு கிக்கையே எடுத்துக்கொள்ளுங்கள். முழங்கால் வலிக்கிறது என்று ஒரு பையன் சொன்னால், உதைக்கும் காலைப் பார்க்காதீர்கள், ஊன்றிய காலைப் பாருங்கள். அந்தப் பாதம் சுழன்று குதிகால் எதிராளியின் பக்கம் திரும்ப வேண்டும். பாதம் அசையாமல் தரையில் ஒட்டியிருந்தால் இடுப்பு திறக்காது, முறுக்கு முழங்காலில் போய் விழும். இதைக் கவனித்தபின் அவனிடம் இந்த ஒன்றை மட்டும் சொல்லுங்கள். கார்டு, அதாவது முகத்தைக் காக்கும் கைகள், இறங்கியிருக்கும், பார்வை தரையில் இருக்கும், மூச்சை அடக்கிக்கொண்டிருப்பான். எல்லாம் உங்கள் கண்ணில் படும். ஆனாலும் அன்றைக்குப் பாதம் மட்டும்தான். ஒரே நேரத்தில் நான்கு திருத்தம் கேட்ட குழந்தை நான்கையும் மறந்துவிடும், நமக்குக் கராத்தே வராது என்ற எண்ணம் மட்டும் மனதில் தங்கிவிடும்.

வரிசையில் நிறுத்திக் காற்றில் பஞ்ச் அடிக்க வைப்பது கோச்சுக்கு வசதி. அதிலேயே முழு கிளாஸையும் ஓட்டிவிடாதீர்கள். அடிப்படை அசைவுகளும் கட்டாவும் (தனியாகச் செய்யும் அசைவுத் தொடர்) கட்டாயம் வேண்டும். ஆனால் தூரமும் டைமிங்கும் எதிரில் ஓர் ஆள் நகரும்போதுதான் பிடிபடும். எதிராளியின் தோளைத் தொடும் ஆட்டம், பின்வாங்கிக்கொண்டே இருப்பவர் கையில் பிடித்த பேடை (அடி வாங்கும் மெத்தை) அடிப்பது என்று சிறியவர்களையும் முதல் வாரத்திலிருந்தே நகர வையுங்கள். கீழே விழப் பழக்குங்கள்: தாடையை மார்போடு ஒட்டி, கையை ஊன்றாமல் விழ வேண்டும். ஜூடோக்காரர்கள் இதைத்தான் முதலில் கற்றுத்தருவார்கள், நம் கராத்தே கிளாஸ்களில் பலர் விட்டுவிடுகிறார்கள்.

ஸ்பாரிங்கில், அதாவது இருவர் மோதிப் பழகும்போது, எடையும் அனுபவமும் ஒத்தவர்களையே ஜோடி சேருங்கள், வேகத்தை நீங்கள் கட்டுப்படுத்துங்கள். தலையில் அடி வாங்கிய பிள்ளைக்குத் தலைவலி, தலைசுற்றல், வாந்தி, குழப்பம் என்று எது இருந்தாலும் அன்றைய பயிற்சி அதோடு முடிந்தது. டாக்டர் சரி என்று சொல்லும்வரை திரும்ப இறக்கக் கூடாது. அவனே கெஞ்சினாலும், மறுநாள் போட்டி இருந்தாலும் இதில் சமரசம் வேண்டாம். போட்டிக்காகச் சாப்பாட்டையும் தண்ணீரையும் குறைத்து எடையை இறக்கச் சொல்வதையும் அடியோடு மறுத்துவிடுங்கள். வளர்கிற உடம்பு அது. அப்புறம், கிளாஸ் நடக்கும்போது கதவு திறந்தே இருக்கட்டும், பெற்றோர் எப்போது வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கட்டும், தொட்டுத் திருத்தும் முன் பிள்ளையிடம் கேளுங்கள்.

பெல்ட் பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் வந்த மாதமே பெற்றோர் கேட்பார்கள். பெல்ட் முறை கராத்தேக்கு ஜூடோவிலிருந்து வந்தது. ஜூடோவின் தொடக்க காலத்தில் இத்தனை நிறங்கள் கிடையாது. வண்ண பெல்ட்டுகள் பின்னால் ஐரோப்பாவில் ஜூடோ வளர்ந்தபோது பரவலானவை. கற்பவருக்கு உற்சாகம் தரும் ஏற்பாடு அது, எனக்கு அதில் குறை இல்லை. தகுதி வராமல் கொடுப்பதைத்தான் என்னால் ஏற்க முடியாது. ‘இன்னும் ஆகவில்லை’ என்று மொட்டையாகச் சொல்லாமல், எந்த அசைவு வரவில்லை, வீட்டில் எதைப் பழக வேண்டும் என்று சொல்லுங்கள். பெரும்பாலான பெற்றோர் புரிந்துகொள்வார்கள்.

உங்கள் சொந்தப் பயிற்சியைப் பற்றிய பயம் நியாயமானது. ஜூடோவை உருவாக்கிய கானோ ஜிகோரோ 1882-இல் ஒரு புத்தர் கோயிலில், 12 பாய் விரித்த இடத்தில் சொல்லிக்கொடுக்க ஆரம்பித்தபோது அவருக்கு வயது 21. ஜுஜுட்சு என்ற பழைய ஜப்பானியத் தற்காப்புக் கலையில் அவருடைய குருவான ஈக்குபோ அப்போதும் அங்கே வந்து அவருக்குக் கற்றுக்கொடுத்துக்கொண்டிருந்தார். ஒரே கூரையின் கீழ் ஆசிரியராகவும் மாணவராகவும் இருந்திருக்கிறார். நீங்களும் அப்படியே செய்யலாம், ஆனால் நேரத்தைப் பிரித்து வையுங்கள். சிறுவர் கிளாஸில் அவர்களோடு சேர்ந்து ஆயிரம் பஞ்ச் அடித்தால் அது உங்களுக்குப் பயிற்சியும் ஆகாது, அவர்களைப் பார்க்கவும் முடியாது. வேறொரு நேரத்தில் வரிசையில் மாணவியாக நில்லுங்கள், உங்களைவிடத் தேர்ந்தவர்களோடு ஸ்பாரிங் செய்யுங்கள். முடிந்தால் ஜூடோ போல ஒரு புதுக் கலையில் வெள்ளை பெல்ட்டோடு சேர்ந்து பாருங்கள். உடம்பு சொன்ன பேச்சைக் கேட்காதபோது எப்படி இருக்கும் என்பது நமக்கு மறந்துபோயிருக்கும். உங்கள் கிளாஸில் இருக்கும் எட்டு வயதுக் குழந்தைக்கு நாள்தோறும் அப்படித்தான்.

மாஸ்டரிடம் சரி என்று சொல்லும்போதே சிலவற்றைக் கேட்டு வாங்கிவிடுங்கள். முதல் சில மாதங்கள் அவர் ஹாலின் ஓரத்தில் உட்கார்ந்து நீங்கள் கிளாஸ் நடத்துவதைப் பார்க்க வேண்டும், முடிந்தபின் நீங்கள் எதைக் கவனிக்கத் தவறினீர்கள் என்று சொல்ல வேண்டும். வாரத்தில் குறைந்தது இரண்டு நாள் அவருடைய சீனியர் கிளாஸில் உங்களுக்கு இடம் இருக்க வேண்டும். முதலுதவிப் பயிற்சி இதுவரை எடுக்கவில்லையென்றால், முதல் கிளாஸுக்கு முன்பே அதை முடித்துவிடுங்கள்.