இரவுக் கணக்கை யார் எழுதுவது?

கேள்வி: சேலத்தில் எம்.காம். முதலாண்டு படிக்கிறேன். பள்ளிப் படிப்பு முழுவதும் தமிழ்வழி. ‘இன்வென்டரி வேல்யுவேஷன்’ (கையிருப்பு மதிப்பீடு), ‘ரிசீவபிள்ஸ் டர்னோவர்’ (கடனுக்கு விற்ற பணம் ஆண்டில் எத்தனை முறை வசூலாகிறது என்ற கணக்கு) போன்றவற்றை மனப்பாடம் செய்தாலும் செமினாரில் வாய் திறக்க முடிவதில்லை. வணிக ஆங்கிலப் பயிற்சிக்கு அப்பாவிடம் பணம் கேட்கலாமா? அவர் சிவதாபுரத்தில் கொலுசுப் பட்டறை வைத்திருக்கிறார். இரவில் கணக்கு எழுதக் கூப்பிடுவார். எனக்கு நேரமில்லாததால் பத்தாம் வகுப்புப் படிக்கும் தம்பி எழுதிக்கொடுக்கிறான்.

பதில்: மகளே, பயிற்சி வகுப்பைப் பற்றிப் பிறகு பேசலாம். பொதுத்தேர்வு எழுத வேண்டிய பிள்ளை இரவில் பட்டறைக் கணக்கு எழுதுகிறான், வணிகவியலில் முதுகலை படிக்கும் அக்கா அதே கணக்கின் ஆங்கிலப் பெயர்களை மனப்பாடம் செய்கிறாள் என்பதைப் போகிற போக்கில் எழுதியிருக்கிறாய். படித்ததும் எனக்குக் கோபம்தான் வந்தது. உன் கல்லூரிக் கட்டணம் அந்தப் பட்டறையிலிருந்து வருகிறது. மூத்த பிள்ளை படித்தால் வீட்டுக்கு ஒரு கை கூடும் என்று நம்பித்தான் பெற்றோர் படிக்க வைக்கிறார்கள். அந்தப் பொறுப்பை இளையவன் தலையில் வைத்துவிட்டு நேரமில்லை என்பதை நான் ஏற்கமாட்டேன்.

இத்தகைய கடிதங்கள் எனக்குப் பல ஆண்டுகளாக வருகின்றன. ஆங்கிலம் வரவில்லை என்பார்கள். விசாரித்தால், நடப்பிலுள்ள ஒரு தொழிலின் கணக்கை ஒருமுறைகூடத் தம் கையால் போட்டுப் பார்த்திருக்க மாட்டார்கள்.

உன் அப்பா வியாபாரிகளுக்கு ஆண்டுக்கு 60 லட்சம் ரூபாய்ச் சரக்கைக் கடனுக்குக் கொடுக்கிறார், சராசரியாக 15 லட்சம் நிலுவையில் நிற்கிறது என்று வைத்துக்கொள். அறுபதைப் பதினைந்தால் வகுத்தால் ரிசீவபிள்ஸ் டர்னோவர் 4. அதாவது, ஆண்டின் 365 நாளை நான்கால் வகுத்தால், பணம் கைக்கு வர ஏறக்குறைய 91 நாள் ஆகிறது. சிறுதொழில்களுக்கான மத்திய அரசின் ‘உத்யம்’ பதிவு பெற்ற குறு, சிறு உற்பத்தியாளருக்கு, எழுத்து ஒப்பந்தம் இருந்தாலும் 45 நாளுக்குள் பணம் தந்தாக வேண்டும் என்றும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி வீதத்தைப்போல் மும்மடங்கு கூட்டுவட்டி தர வேண்டும் என்றும் 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் கூறுகிறது. அப்பாவின் பட்டறை பதிவாகியிருக்கிறதா? அவருக்கு வர வேண்டிய பாக்கி எத்தனை நாளாக நிற்கிறது? இவ்வளவு படித்த மகள் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டாமா?

கையிருப்பு மதிப்பீடும் அப்படித்தான். வெள்ளி விலை ஏறிக்கொண்டிருக்கும்போது, முதலில் வாங்கியது முதலில் செலவானதாகக் கொள்ளும் ஃபிஃபோ முறையில் லாபம் கூடுதலாகத் தெரியும். வாங்கிய அளவுக்கேற்ப எல்லா விலைகளுக்கும் சராசரி எடுக்கும் எடையிட்ட சராசரி முறையில் அதைவிடக் குறைவாகத் தெரியும். இரண்டு முறையிலும் அப்பாவின் வெள்ளிக்கு மதிப்புப் போட்டுப் பார். பிறகு செமினாரில் மனப்பாட வரிகளைத் தேடி நிற்க மாட்டாய், ஏனென்றால் நீ சொல்லப்போவது உனக்கே தெரிந்த செய்தியாக இருக்கும்.

இன்றிரவு முதல் கணக்கை நீ எழுது. தம்பியைப் படிக்க விடு. எழுதி முடித்ததும் அன்றைய கொள்முதல், விற்பனை, நிலுவை ஆகியவற்றை அப்பாவிடம் தமிழில் விளக்கிவிட்டு, அதையே ஆங்கிலத்தில் ஐந்து வாக்கியமாக உரக்கச் சொல். தவறு வரும், வரட்டும். உச்சரிப்பை ஆசிரியரிடம் கேட்டுத் திருத்திக்கொள். பயிற்சிக்குப் பணம் கேட்பதை இந்த செமஸ்டர் முடியும்வரை தள்ளிவை. அடுத்த செமினாருக்குப் பட்டறையின் நடைமுறை மூலதனத்தையே, அதாவது அன்றாடத் தொழிலை ஓட்டத் தேவைப்படும் பணத்தையே, தலைப்பாக எடுத்துக்கொள்ளலாம். ஆனால் அப்பாவின் அனுமதி பெற்ற பிறகு, வியாபாரிகளின் பெயர்களை நீக்கிவிட்டுச் செய்.