உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி: பழையதைக் கொடுத்துப் புதியது வாங்கும் முன் - வாசகர் கேள்வி-பதில்

12 வருடமாக ஓடும் வண்டி. ஸ்டார்ட் செய்தால் நீலப்புகை வருகிறது. கொஞ்ச நேரம் ஓடியபின் மேட்டில் ஏற மறுக்கிறது. இன்ஜினை மட்டும் மாற்றினால் போதுமா?

இரண்டும் வேறு வேறு கோளாறு. நீலப்புகை என்றால் ஆயில் எரிகிறது. அளவுக்கு மேல் ஆயில் ஊற்றியிருந்தாலும் அப்படி வரும், அதை முதலில் பாருங்கள். அளவு சரியாக இருந்தால் ஹெட் கேஸ்கெட், வால்வு, பிஸ்டன் ரிங் மூன்றில் ஒன்று. கேஸ்கெட் மட்டும் என்றால் சின்னச் செலவோடு முடியும்.

எனக்குக் கவலை தருவது மேட்டில் ஏறாததுதான். டிரைவ் பெல்ட் நன்றாக இருந்தும் சூடானபின் இழுவை குறைகிறது என்றால், ஹைட்ரோஸ்டேட்டிக் கியர்பாக்ஸ் தேய்ந்திருக்கிறது. ஆயில் அழுத்தத்தில்தான் அது சக்கரத்தைச் சுழற்றுகிறது. சூட்டில் ஆயில் நீர்த்து, தேய்ந்த இடுக்குகளில் நழுவிவிடும். வீட்டு உபயோக வண்டிகளில் இதைப் பிரித்துச் சரிசெய்வது பெரும்பாலும் கட்டுப்படியாகாது, முழுசாகவே மாற்ற வேண்டும். இன்ஜினும் கியர்பாக்ஸும் சேர்ந்து போன வண்டியில் இனி பணம் போடாதீர்கள்.

அரை ஏக்கர் புல்தரை. கடையில் 54 இன்ச் டெக் (பிளேடுகளை மூடியிருக்கும் வெட்டும் பகுதி), 24 குதிரைத்திறன் என்கிறார்கள். வாங்கலாமா?

வேண்டாம், 42 இன்ச்சே தாராளம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 42 இன்ச் என்பது மூன்றரை அடி. மணிக்கு 5 கிலோமீட்டர் வேகத்தில் ஓட்டினால், திரும்புவதற்கும் வெட்டும் வரிகள் ஒன்றன்மேல் ஒன்று படிவதற்கும் கழித்தது போக, ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய ஒரு ஏக்கர் வெட்டலாம். உங்களுக்கு அரை மணி நேர வேலை. அகலமான டெக் மரத்தடியில் நுழையாது, மேடுபள்ளத்தில் மண்ணைச் சீவும், கேட்டில் இடிக்கும். 42 இன்ச் டெக்குக்கே பக்கவாட்டில் புல் வெளியேறும் மூடி நீட்டிக்கொண்டிருக்கும். அதனால் கேட்டை டேப் வைத்து அளந்துவிட்டுக் கடைக்குப் போங்கள்.

குதிரைத்திறனை விட்டுவிட்டு வேறு மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கியர்பாக்ஸின் மாடல் என்ன, அதில் ஆயில் மாற்ற வழி இருக்கிறதா? பிளேடைத் தாங்கும் ஸ்பிண்டிலின் பேரிங் தனியாகக் கிடைக்குமா? பெல்ட்டும் பிளேடும் பக்கத்திலேயே கிடைக்குமா? கவசாகி, பிரிக்ஸ் அண்ட் ஸ்ட்ராட்டன், கோலர் என்று இன்ஜின் எதுவானாலும், ஆயிலை நேரத்துக்கு மாற்றினால் நன்றாகவே உழைக்கும். வண்டியின் ஆயுளை முடிப்பது பெரும்பாலும் கியர்பாக்ஸும் துருப்பிடித்த டெக்கும்தான்.

பழைய வண்டி ஒன்று நல்ல விலைக்கு வருகிறது. எதைப் பார்த்து வாங்குவது?

"நான் வரும்வரை ஸ்டார்ட் செய்யாதீர்கள்" என்று விற்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள். போனதும் இன்ஜின் பக்கத்தில் கை வைத்துப் பாருங்கள், சூடாக இருந்தால் ஏதோ மறைக்கிறார்கள். அடுத்து ஆயில் குச்சியை எடுத்து முகர்ந்து பாருங்கள். அளவு ஏறி, பெட்ரோல் வாடையும் அடித்தால், கார்புரேட்டர் ஊசி சரியாக அடைக்காமல் பெட்ரோல் இன்ஜினுக்குள் இறங்கியிருக்கிறது. அந்த ஆயிலோடு ஓட்டியிருந்தால் உள்ளே தேய்மானம் நிச்சயம்.

ஸ்பார்க் பிளக் வயரைக் கழற்றிவிட்டு, கையுறை போட்டுக்கொண்டு பிளேடை மேலும் கீழும் அசையுங்கள். ஆட்டம் இருந்தால் பேரிங் போய்விட்டது. அது மாற்றக்கூடியதுதான், விலையில் கழித்துக்கொள்ளலாம். ஆனால் ஸ்பிண்டில் பொருந்தும் இடத்தில் தகடு விரிசல் விட்டிருந்தாலோ, துருவில் பொத்தல் விழுந்திருந்தாலோ திரும்பி வந்துவிடுங்கள். மீட்டரில் மணிக்கணக்கு குறைவாக இருந்தும் பெடல் ரப்பர் வழவழவென்று தேய்ந்திருந்தால் அந்த மீட்டரை நம்பாதீர்கள்.

கடைசியாக, 20 நிமிடம் ஓட்டிச் சூடாக்கியபின் ஒரு மேட்டில் ஏற்றிப் பாருங்கள். விற்பவர் இதற்குச் சம்மதிக்காவிட்டால் வண்டி வேண்டாம்.

நின்ற இடத்திலேயே திரும்பும் ஜீரோ-டர்ன் வண்டி வாங்க ஆசை. எங்கள் தோட்டம் சரிந்து ஒரு குளத்தில் முடிகிறது.

தயவுசெய்து வாங்காதீர்கள். ஜீரோ-டர்னில் முன்சக்கரங்கள் தானாகச் சுழல்பவை. திருப்புவதும் நிறுத்துவதும் பின்சக்கரங்கள்தான். ஈரப்புல்லில் அவை வழுக்கினால் இரண்டும் ஒரே நேரத்தில் கைவிட்டுப் போகும். டிராக்டர் வகைப் புல்வெட்டியிலும் பல கையேடுகள் 15 டிகிரியை எல்லையாக வைக்கின்றன. கிடைமட்டமாக 10 அடிக்குச் சுமார் 2.7 அடி ஏற்றம், அவ்வளவுதான். டிராக்டரைச் சரிவில் மேலும் கீழுமாக ஓட்டுங்கள், குறுக்கே வேண்டாம். குளக்கரையை ஒட்டிய பட்டையை, நடந்தபடி தள்ளிச் செல்லும் புல்வெட்டியால் வெட்டுங்கள்.

பேட்டரி வண்டி நம்பலாமா?

அரை ஏக்கருக்கு நம்பலாம். லித்தியமா, லெட்-ஆசிடா என்று கேளுங்கள். மாற்று பேட்டரியின் விலையையும் சேர்த்துத்தான் வண்டியின் விலையைக் கணக்கிட வேண்டும்.

புதிய வண்டி ஸ்டார்ட் ஆகவில்லை. மூன்று மாதம் சும்மா நின்றது.

பெட்ரோல் கெட்டிருக்கும். டேங்கைக் காலி செய்து புதிதாக ஊற்றிப் பாருங்கள். ஆகாவிட்டால் கார்புரேட்டரைச் சுத்தம் செய்ய வேண்டும். எத்தனால் 10 சதவீதத்துக்கு மேல் கலந்த பெட்ரோலை இந்த இன்ஜின்களில் ஊற்றாதீர்கள். அடுத்த முறை நிறுத்துவதற்கு முன் பெட்ரோல் கெடாமல் காக்கும் ஸ்டெபிலைசர் கலந்து, அது கார்புரேட்டர்வரை போகும்படி பத்து நிமிடம் ஓடவிடுங்கள்.